மூடி போட்ட நிழல்

தூத்துக்குடிக்குத் தெற்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புப் பாத்தியும், பாத்திகளுக்கு நடுவே முப்பது வீடுகளும், முப்பது வீடுகளுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டியும், அந்தத் தொட்டியின் கசிவைக் குடித்தே வளர்ந்துவிட்ட ஒரே ஒரு பூவரச மரமுமாக இருக்கிற எங்கள் காலனியில், எஸ்தர் ராஜாத்தி ஒரு காலித் தைல பாட்டிலுக்குள் நிழலைப் பிடித்தது மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிடிக்க வேண்டும் என்று நினைத்துப் பிடிக்கவில்லை. தலைவலித் தைலம் தீர்ந்துபோன பாட்டிலைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, பூவரசின் அடியில் காய வைத்து, உச்சி நேரத்தில் வந்து நாலு ஊக்குகளைப் போட்டு மூடி, மடியில் செருகிக்கொண்டாள். மறுநாள் பத்து மணிக்கு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கையில் தையல் விட்டது. ஊக்கு எடுக்க மூடியைத் திருகினாள். ஊக்குக்கு முன்னால் நிழல் வந்து விழுந்தது. ஒரு முறத்து அகலத்துக்கு, ஓரங்களில் பூவரசு இலையின் வடிவம் அங்கங்கே தெரிய, வரப்பில் கிடந்தது. எஸ்தர் அதில் உட்கார்ந்து ஊக்கைக் குத்திக்கொண்டாள்.

பக்கத்துப் பாத்தியில் இருந்த சண்முகக்கனி நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாமல் வேலைக்குத் திரும்பியிருந்தவள் அவள்.

"யக்கா, அது எந்த பாட்டிலு?"

"தலவலித் தைலம். போன மாசம் தீந்துச்சு."

"எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. அதுலயும் பிடிக்குமா?"

"பிடிச்சுப் பாரு. நல்லாக் கழுவிக்கோ, இல்லைன்னா கண்ணு எரியும்."

எப்படி என்று சண்முகக்கனி கேட்கவில்லை, எஸ்தரும் யோசிக்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நிழலைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் உண்டு, இருக்கிறதா இல்லையா என்பது. அளத்தில் மரம் முளைக்காது. குடை நிற்காது, கடல் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். கம்பு நட்டுச் சேலையைக் கட்டினால் மேலிருந்து வருகிற வெயிலைத் தடுக்கலாம், ஆனால் எங்கள் வெயில் கீழிருந்தும் வரும். உப்பு அதை வாங்கி அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும். பாட்டில் நிழலோ தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு கீழ் வெயிலையும் சேர்த்து மூடிவிட்டது.

எங்கள் காலனியில் குட்டி டப்பாக்களைத் தூக்கிப் போடுகிற வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. காலி டப்பா என்ற ஒன்றே எங்களிடம் கிடையாது, இன்னும் ஒன்றும் போட்டு வைக்காத டப்பா என்றுதான் உண்டு. மாத்திரைக் குப்பியில் வளையல் துண்டு, சுண்ணாம்பு டப்பாவில் விளக்குத் திரி, பற்பொடி டப்பாவில் ஏலக்காய், காப்பித்தூள் பாட்டிலில் கடுகு, கடுகு என்று எழுதிய டப்பாவில் பித்தான். எந்த வீட்டில் எதற்குள் எது இருக்கிறது என்பது அந்த வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தெரியும், அவள் கை கண்ணை மூடிக்கொண்டு போய் எடுக்கும், மற்றவர்கள் எல்லாம் அலமாரிக்கு முன்னால் நின்று முழிக்க வேண்டியதுதான். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பித் திறக்கிறவன் வெளியூர்க்காரன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம்.

ஆகவே அந்த வாரமே முப்பது வீட்டு அலமாரிகளும் இறங்கின. பித்தான்களும் திரிகளும் பழைய துணியில் முடிச்சாகப் போயின, டப்பாக்கள் எல்லாம் கழுவிப் பூவரசின் அடிக்கு வந்தன, வேர் தெரியாமல் டப்பாவாக இருந்தது. எது எதில் எப்படி நிற்கும் என்பதைப் பதினைந்து நாளில் கண்டுபிடித்துவிட்டோம். குடத்தில் பிடித்தால் நிழல் பரந்து நீர்த்துப்போய், திறக்கும்போது தூசி மாதிரிதான் வரும். எண்ணெய் டின்னும் அப்படியே. டப்பா சிறுக்கச் சிறுக்க நிழல் கெட்டிப்படும். பெருங்காய டப்பா நிழலில் ஒரு ஆள் உட்காரலாம், ஆனால் வீடு திரும்புகிற வரைக்கும் உடம்பில் சாம்பார் வாசம் அடிக்கும். குங்கும டப்பாவில் பிடித்தது லேசாகச் சிவந்திருக்கும். சொட்டு மருந்துக் குப்பி நிழல் உள்ளங்கை அளவுதான், ஆனாலும் கண்ணுக்கு மேல் பிடித்தால் அந்தக் குளிர்ச்சிக்கு ஈடு கிடையாது. சுண்ணாம்பு டப்பாவை என்னதான் கழுவினாலும் நிழல் தோலைக் கொஞ்சம் பொத்துவிடும். எதில் பிடித்தாலும் திறந்துவிட்டால் மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் கிடக்கும், பிறகு ஈரம் காய்கிற மாதிரிக் காய்ந்துவிடும். திரும்ப டப்பாவுக்குள் போகாது. உள்ளே இருக்கிறதா என்று திறந்து பார்த்தால் பார்த்தவுடன் அது செலவு. ஆட்டினால் சத்தம் வராது. மோந்தால் டப்பாவின் பழைய வாசம்தான் வரும்.

பூவரசு நிழல் போதாதென்று வேறு நிழல்களையும் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. ஒருவர் மேகத்தின் நிழலைப் பிடித்தார், திறந்ததும் ஓடிவிட்டது, பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். இன்னொருவர் காலனி முக்கில் வந்து நிற்கிற திருச்செந்தூர் பஸ்ஸின் நிழலை ஒரு பற்பொடி டப்பாவில் அடைத்து அளத்துக்குக் கொண்டுவந்து பெருமையாக விரித்தார். ஏழெட்டுப் பேர் தாராளமாக உட்கார்ந்தோம், டீசல் வாசம் அடித்தது, பத்து ஐந்துக்கு அது கிளம்பிப் போய்விட்டது. மாதாகோவில் கோபுரத்தின் நிழலை யாரோ சொல்லாமல் பிடித்து வந்தபோது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, எந்த சாமி கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டியிருந்தது, உப்பில் வெறும் காலோடு எவ்வளவு நேரம் இருப்பது. கடைசியில் பூவரசுதான் நல்லது என்று எல்லாரும் அதற்கே திரும்பினோம்.

பங்குனி பிறந்தபோது மரத்தடியில் அடிதடி ஆகிவிட்டது. பிறகு தண்ணீர்க் குழாய்க்கு உள்ள ஒழுங்கையே இதற்கும் கொண்டுவந்தோம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டப்பா, அதற்கு மேல் கிடையாது. ஆள் நிற்க வேண்டாம், டப்பா வரிசையில் நின்றால் போதும். காலையில் பார்த்தால் தொட்டியிலிருந்து மரம் வரைக்கும் அறுபது டப்பாக்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நிற்கும், இடையில் யாராவது தன் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டால் அளத்திலிருந்து திரும்பினதும் வாய்ச்சண்டை நடக்கும்.

அளத்துக் கங்காணி தவசிமுத்து இதை எல்லாம் காற்றுக்கு எதிரே கையால் இறுக்கிப் பிடித்த குடைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே இருந்து வருவதைக் கீழே சொல்வார், கீழே இருந்து போவதை மேலே சொல்ல மறந்துவிடுவார், அவ்வளவுதான். அளத்தில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். பங்குனி நடுவில் எஸ்தர் மறுபடி கேட்டாள்.

"அண்ணாச்சி, கொட்டகை என்னாச்சு?"

"இனி என்னத்துக்குக் கொட்டகை? எல்லாரும் மடியிலதான வச்சிருக்கியோ."

எஸ்தர் பாத்திக்குத் திரும்பி வந்தாள். அதோடு நிற்கவில்லை. அதுவரை விடிவதற்கு முன் தொடங்குகிற வேலை பதினொரு மணிக்கு முடிந்துவிடும், பதினொன்றுக்கு மேல் அந்தப் பாத்தியில் மனுஷர் நிற்க முடியாது என்பது முதலாளிக்கும் தெரியும். இப்போது நிற்க முடிகிறது என்று அவர் காதுக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வேலை மூன்று மணிவரை என்று தவசிமுத்து வந்து சொன்னார். நாங்கள் ஒரு பாட்டிலில் கண்டுபிடித்ததை அவர்கள் நாலு மணி நேரமாக எடுத்துக்கொண்டார்கள். கோபம் வந்தது, அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இதில் முதலில் அடிபட்டது சண்முகக்கனி. அவள் புருஷன் லிங்கபாண்டி லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவன், பத்து மணிக்கு மேல்தான் அவனுக்கு வேலை. முன்பெல்லாம் அவள் வீடு வந்து சேர்கிற வரை அவன் ஒரு மணி நேரம் தாமதித்துப் போனால் சரியாக இருந்தது. இனி அது நடக்காது. காலனியில் பகலில் இருப்பது கோழிகளும் காய்ச்சல்காரர்களும்தான், பெண்கள் எல்லாரும் அளத்தில். குழந்தையோ தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. ஆகவே பத்து மணிக்கு லிங்கபாண்டி சைக்கிளில் பாப்பாவைக் கொண்டுவந்து உப்பைக் குவிக்கிற மேட்டில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, ஒரு டப்பாவைத் திறந்து நிழல் போட்டுவிட்டு லாரிக்குப் போவான். உச்சிப் பொழுதில் சண்முகக்கனி வந்து பால் கொடுத்துவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்பாள். வீட்டுக்குக் கிடைக்கிற இரண்டு நிழலும் பாப்பாவுக்கே போய்விடும், அவள் முன்னைப் போலவே வெயிலில் நிற்பாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் நிழல் சீக்கிரம் காய்ந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டு, கை கால் வெட்டி இழுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சண்முகக்கனியைப் பார்த்துச் சொன்னாள். "இந்தத் தடவ பிழைச்சுக்கிட்டா. இன்னொரு தடவ இப்படி வெயில் பட்டா பிள்ள தாங்காது, சொல்லிட்டேன்."

சண்முகக்கனி அன்றையிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை. சாப்பிடும்போதும் உப்பு வாரும்போதும் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதும் அவளுக்குள் ஒரே கணக்குதான், இன்றைக்கு எத்தனை நிழல், நாளைக்கு எத்தனை. நாங்கள் ஒன்றிரண்டு கொடுத்துப் பார்த்தோம். பிறகு எங்களிடமும் இல்லை, ஏனென்றால் மரம் வற்றிக்கொண்டு வந்தது. சித்திரை பிறந்தபோது பூவரசில் இலை இருந்தது, மஞ்சள் பூ இருந்தது, அடியில் நிழல்தான் இல்லை. வெயில் இலைகளுக்குள் புகுந்து நேரே தரையில் விழுந்தது. காகங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்கு அடியில் போயின. ஒரு டப்பாவை நாள் முழுக்க வைத்தால் முன்பு அரை மணியில் பிடித்ததில் கால்வாசிகூடத் தேறவில்லை. நிழல் கிடைக்காத டப்பாக்களுக்குள் கடுகும் பித்தானும் திரும்பிப் போயின. வீடு வீடாக டப்பா திருட்டும் தொடங்கியது. யார் எடுத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், நாங்கள் எல்லாரும்தான்.

சண்முகக்கனியிடம் ஒரே ஒரு நல்ல நிழல் மிச்சம் இருந்தது. பங்குனி உத்திரத்தன்று உச்சியில், மரம் வற்றுவதற்கு முன்னால், கால் வெடிப்புக்குத் தடவும் களிம்பு இருந்த ஒரு குட்டித் தகர டப்பாவில் பிடித்தது. மோசமான ஒரு நாள் வரும், அன்றைக்கு ஆகும் என்று வைத்திருந்தாள். ஊக்கு தேடி லிங்கபாண்டி தவறித் திறந்துவிடக் கூடாது என்று பயந்து, எங்கள் காலனியில் எந்தப் பெண்ணும் செய்யாத ஒன்றைச் செய்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு துண்டு பிளாஸ்திரியை மூடியில் ஒட்டி, அதன்மேல் பேனாவால், 'நிழல், பாப்பாவுக்கு' என்று எழுதி வைத்தாள்.

அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் நாள் விடியற்காலையில், ரிப்பன் வைத்துக் கட்டின பனியன் துணித் தொப்பியைப் பாப்பாவுக்கு மாட்டிவிட்டு, வேலைக்குப் புறப்படும்போது அவள் லிங்கபாண்டியிடம் சொன்னாள்.

"இன்னைக்கு வெயிலு கொல்லும். பாப்பா நெழல் அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வாங்க."

"சரி, சரி" என்றான் அவன்.

ஒன்பதரை மணிக்கு லிங்கபாண்டி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றான். நிழல், பாப்பாவுக்கு என்று எழுதின டப்பா கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் அதைக் கையில் எடுத்தான், படித்தான், சிரித்தான், திரும்ப வைத்துவிட்டான். அவனை நாங்கள் யாரும் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் நாங்கள் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். பிறந்ததிலிருந்து சர்க்கரை என்று எழுதினதற்குள் உப்பையும் உப்பு என்று எழுதினதற்குள் நூல்கண்டையும் பார்த்து வளர்ந்தவன், நிழல் என்று எழுதியிருக்கிற டப்பாவில் வேறு எது வேண்டுமானாலும் இருக்கும், நிழல் மட்டும் இருக்காது என்று நினைத்தான். போதாததற்கு டப்பா திருட்டு நடக்கிற நேரம். திருட வருகிறவனை ஏமாற்றுவதற்குத்தான் இதை எழுதி முன்னால் வைத்திருக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது, தன் பெண்டாட்டியின் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திறந்து பார்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினான். கடுகு சத்தம் போட்டது, பித்தான் சத்தம் போட்டது. அடியில், பழைய சேலைக்குப் பின்னால் ஒளித்து வைத்த மாதிரி ஒரு பெருங்காய டப்பா இருந்தது, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது, ஆட்டினால் சத்தமே இல்லை. இவ்வளவு பத்திரமாக வேறு எதை வைப்பாள் என்று அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

மேட்டில் சாக்கை விரித்து, பாப்பாவைப் படுக்க வைத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி மூடியைத் திறந்தான். உள்ளே பஞ்சு இருந்தது. பஞ்சுக்குள் காய்ந்த மிளகாய்க் காம்பு அளவுக்கு பாப்பாவின் தொப்புள்கொடி இருந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். முதல் பாத்தியில் இருந்த எஸ்தர் பலகையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"என்னய்யா, நெழலப் போடாம நிக்க?"

"டப்பா மாறிப்போச்சுக்கா. பிள்ளைய வீட்டுக்கே கொண்டு போயிருதேன்."

"அரை மணி நேரம் இந்த வெயில்ல கொண்டாந்தது பத்தாதா, திருப்பியும் கொண்டு போணுமா? பிள்ளைய வச்சிட்டு நீ போயி எடுத்துட்டு வா. வெரசா போ."

லிங்கபாண்டி போனான். போக அரை மணி, வர அரை மணி. எஸ்தர் தன் மடியைத் தடவினாள், ஒரு சொட்டு மருந்துக் குப்பி இருந்தது. அதைப் பாப்பாவின் முகத்துக்கு மேல் திறந்தாள். உள்ளங்கை அளவு நிழல் விழுந்து கண்ணையும் நெற்றியையும் மூடியது, அதற்குக் கீழே கழுத்தும் வயிறும் இரண்டு கால்களும் வெயிலில் கிடந்தன. யாராவது ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று எஸ்தர் சத்தம் போட்டுக் கேட்டாள். சிலர் மடியை உதறிக் காட்டினார்கள், சிலர் திறந்து தீர்ந்த டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்கள். அன்றைக்கு அளத்தில் ஒருவரிடமும் ஒரு பொட்டு நிழல் இல்லை. எஸ்தர் யோசிக்காமல் எழுந்து நின்று, தன் உடம்பின் நிழல் பாப்பாவின் வயிற்றில் விழும்படி குனிந்தாள்.

சித்திரை மாதத்தில் பத்து மணி தாண்டினாலே மனுஷ நிழல் காலடிக்குள் சுருங்கத் தொடங்கிவிடும். ஒரு ஆளால் ஒரு குழந்தையை மூட முடியாது. இரண்டாவதாக ஒருத்தி வந்து குனிந்தாள், அவள் நிழல் ஒரு தொடைக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது ஆள் வந்தோம், நாலாவது வந்தோம். சேலையை விரித்துப் பிடித்துத் தோளோடு தோள் முட்டிக்கொண்டு, நெற்றி வேர்வை பாப்பாவின் மேல் சொட்டாமல் பின்கையால் துடைத்துக்கொண்டு, ஒன்பது பேர் சேர்ந்தபோதுதான் சாக்கின் ஓரம்வரை இருட்டியது. உப்பு வாருகிற பலகைகள் போட்ட இடத்தில் கிடந்தன. குனிந்து நின்றால் முதுகு முழுக்க வெயில், கீழிருந்து உப்பின் சூடு, ஆனாலும் யாரும் அசையவில்லை, ஒருத்தி அசைந்தால் அவள் பக்கம் வெள்ளையாக ஒரு கீற்று உள்ளே விழுந்தது.

சண்முகக்கனி ஏழாவது பாத்தியில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மேட்டில் பெண்கள் வட்டமாகக் கூடிக் குனிந்து நிற்பது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் அப்படிக் கூடிக் குனிந்து நிற்பது ஒப்பாரிக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் வரப்பில் ஓடவில்லை, பாத்திகளுக்குக் குறுக்கே ஓடினாள், கட்டி உப்பு உடைந்து காலைக் கிழித்தது, நாலு பாத்தியில் அவள் ஓடின தடம் சிவப்பாகக் கிடந்தது.

"விடுங்க, நான் பாக்கணும், விடுங்க" என்றாள் வந்ததும்.

யாரும் வழி விடவில்லை.

"நகரச் சொல்லாத கனி, வெயிலு விழுந்துரும்" என்றாள் எஸ்தர் குனிந்தபடியே. "எங் கைக்குக் கீழ வழியாப் பாரு."

சண்முகக்கனி முழங்காலிட்டு எஸ்தரின் கைக்குக் கீழே தலையை நுழைத்தாள். உள்ளே ஒன்பது சேலைகளின் நிறமும் கலந்த ஒரு மங்கலில் பாப்பா கட்டை விரலைச் சப்பிக்கொண்டு, மேலே சுற்றிலும் தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சண்முகக்கனிக்கு அழுகை வந்தது. அவள் அழுததைக் கேட்டு எங்களில் மூன்று பேர் அழுதோம். பிறகு அவள் எழுந்து, கால்மாட்டில் ஒரு இடைவெளி இருந்ததைப் பார்த்து, பத்தாவதாக வந்து நின்று குனிந்தாள்.

இதற்குள் லிங்கபாண்டி வந்து சேர்ந்தான். சட்டையைக் கழற்றி மூட்டையாகக் கட்டி அலமாரியில் இருந்த டப்பா அத்தனையையும் கொண்டுவந்திருந்தான், எழுதி வைத்திருந்த அந்த ஒன்றைத் தவிர. ஒவ்வொன்றாகத் திறந்தான். கடுகும் சீரகமும் பித்தானும் மேட்டில் சிந்தின. சண்முகக்கனி நிமிராமல் அதைப் பார்த்தாள். எழுதி வைத்தது தன் தப்புதான் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"விட்டுருங்க. வந்து நில்லுங்க" என்றாள்.

அவனும் நின்றான்.

முதலாளி வீடு வரை போயிருந்த கங்காணி தவசிமுத்து ஒரு மணிக்குத்தான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அளத்தில் ஒரு பலகைகூட அசையவில்லை என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து, குடையைக் காற்றுக்கு எதிரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வரும்போதே ஏச்சு தொடங்கிவிட்டது. வேலை நேரத்தில் என்ன கூட்டம், முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்ல, ஒரு பிள்ளைக்குப் பத்துப் பேரா, ஆளாளுக்குப் பாத்திக்குப் போங்க, இல்லையென்றால் நாளையிலிருந்து ஒருத்தரும் வர வேண்டாம். மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம், பயமாகத்தான் இருந்தது, வேலை போய்விடும் என்று உண்மையாகவே நம்பினோம். ஆனால் பதில் சொல்ல நிமிர வேண்டும், நிமிர்ந்தால் வெயில் விழும். ஒருவரும் நிமிரவில்லை. பொழுது மேற்கே சாயத் தொடங்கியிருந்தது, நிழல்கள் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தன, பாப்பாவின் பாதத்தில் ஒரு கீற்று வெயில் ஏறி விரல்களைத் தொட்டது.

எஸ்தர் தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"ஏசுங்க அண்ணாச்சி, நாங்க கேக்கத்தான் செய்யுதோம். ஏசுகது மட்டும் கொஞ்சம் மேக்க வந்து நின்னு ஏசுங்க. பிள்ள கால்ல வெயிலு படுது."

தவசிமுத்து வாயைத் திறந்தபடி எங்களுடைய குனிந்த முதுகுகளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். சாக்கில் வெயில் பட்டிருந்த ஐந்து சின்ன விரல்களைப் பார்த்தார். பிறகு மூன்று எட்டு மேற்கே வந்து, எஸ்தருக்கும் லிங்கபாண்டிக்கும் நடுவே குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்று, பொழுது சாயும்வரை எங்களை ஏசினார்.